மாமியார் பிளக்-இன்

அடுகோடியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் தமயந்திக்கு வேலை. கோலார் தங்கவயலில் பிறந்தவள், தாஸைக் கட்டிக்கொண்டு ஜீவனஹள்ளிக்கு வந்தாள். நிரல் எழுதும் எக்லிப்ஸ் மென்பொருளை இருந்தபடி வைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வராது. நிறத்தை மாற்றுவாள், விசைகளை மாற்றுவாள், போதாததற்குத் பிளக்-இன் என்கிற குட்டி இணைப்பு நிரல்களைத் தானே எழுதிச் சேர்ப்பாள். அவள் சீட்டில் உட்கார்ந்தவர்கள் சேவ் பண்ணப் போய் ஃபைலையே மூடிவிட்டு எழுந்து ஓடினார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில், நிரலில் தப்பு வந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒன்று செய்தாள். ஒருவரும் சட்டை செய்யவில்லை. எந்தச் சத்தத்துக்கு மனுஷர் பயப்படுவார்கள் என்று அவள் வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் சம்பூர்ணம் சமையலறையில் தாஸைத் திட்டும் சத்தம் கேட்டது.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் செல்போனை வைத்து ரகசியமாகப் பதிவு செய்தாள். மணிக்குப் பதில் அந்தக் குரலைப் பிளக்-இன்னில் சேர்த்து, டீமில் எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் போட்டாள்.

நிரலில் ஒரு பெயரை அறிவித்துவிட்டு எங்குமே பயன்படுத்தாவிட்டால், "வாங்கினது எதுக்கு? மூலைல போட்டு வெக்கவா?" வரி முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால், "கண்ணை எங்கடா வெச்சிருக்கே?" மொத்த நிரலும் படுத்துவிட்டால், "ஐயோ ஐயோ, குடும்பத்தையே கவுத்துட்டானே!" எல்லாம் சரியாக இருந்தால் வெறும் "ம்ம்". அந்த "ம்ம்"முக்காக டீமே அடித்துப்பிடித்துத் தப்புகளைத் திருத்தியது.

ஒருநாள் வெளிநாட்டு கிளையன்ட் வந்திருந்தார். மேனேஜர் கோவிந்தப்பா பெருமையாக நிரலை ஓட்டிக் காட்டினார். அது படுத்துவிட்டது. "ஐயோ ஐயோ" என்று ஹாலே அதிர்ந்தது.

"யார் இந்த அம்மா?" என்றார் கிளையன்ட்.

கோவிந்தப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தார். "எங்க குவாலிட்டி ஹெட், சார்."

"நாளைக்கு அவங்களைப் பார்க்கணுமே!"

வீட்டில் தமயந்தி மென்று விழுங்கிச் சொன்னாள். "அத்தை, உங்க குரலை ஆபீஸ்ல போட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"திட்டுறதுக்கு."

சம்பூர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்கு என்ன புடவை கட்டணும்?"

மறுநாள் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்து, கிளையன்டுக்குக் கும்பிடு போட்டு, ஒவ்வொரு மேசையாக எட்டிப் பார்த்தாள். பையன்கள் தன்னால் எழுந்து நின்றார்கள். கிளையன்டுக்கு ஏகத் திருப்தி. ஒரு கம்ப்யூட்டரில் தன் குரலைக் கேட்ட சம்பூர்ணத்துக்குத்தான் இல்லை. "ஏண்டி, எனக்குச் சளி பிடிச்சிருந்த அன்னிக்கா எடுத்தே? தகரம் மாதிரி கேக்குது. திரும்ப எடு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, சுக்குக் காப்பி குடித்து, மைக் முன்னால் உட்கார்ந்தாள். "தம்பி, அந்த வரியைக் கொஞ்சம் பாருங்கப்பா" என்று தேனாக வந்தது.

"திட்டுங்க அத்தை!"

"முன்னபின்ன தெரியாத பிள்ளைங்களை எப்படிடி திட்டுறது?"

தமயந்தி ஹாலுக்குப் போய் தாஸின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். அவன் முகம் வெளுத்தது. வேறு வழியில்லாமல் ஈரத்துண்டை எடுத்து, சம்பூர்ணம் அப்போதுதான் விரித்த புதுப் படுக்கைவிரிப்பின் மேல் போட்டான்.

அன்று பதிவானதில் பாதியைத்தான் ஆபீஸில் போட முடிந்தது.