எண்ணில்லாத வரைபடம்

துனிசியாவின் காபெஸ் வேளாண் ஆய்வு நிலையத்தில் மப்ரூக்காவைப் பற்றி ஒரு கேலி உண்டு. சாப்பிடப் போனாலும் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோவாள், லப்லாபி என்ற கொண்டைக்கடலைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் இடம் போடுவாள் என்று. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

காரணம் இருந்தது. பேரீச்சந்தோப்புக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது என்பதுதான் அவள் ஆய்வு. சில ஆண்டுகளுக்கு முன் சூஸ் நகரக் கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, அவள் வரைந்த வரைபடமே திரையில் வந்து நின்றது. நிறம்கூட மாறவில்லை. மேடையில் வேறு ஒருவன். கீழே அவன் பெயர். எழுந்து சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து மப்ரூக்கா கருத்தரங்குகளில் வேண்டுமென்றே மோசமாக உரையாற்றத் தொடங்கினாள். ஸ்லைடில் எறும்பு ஊர்வது போன்ற எழுத்து. வரைபடத்தின் ஓரத்தில் எண்ணே இருக்காது. யாராவது கைப்பேசியைத் தூக்கினால் திரையை மறைத்துக்கொண்டு நிற்பாள்.

தூனிஸ் கருத்தரங்குக்காக ஒத்திகை பார்த்தபோது, புதிதாகச் சேர்ந்திருந்த ஆய்வாளன் ஸஹ்பி சிரித்தேவிட்டான்.

"என்னக்கா, திருட்டு நகைய விக்க வந்தவங்க மாதிரி இப்படி அவசரப்படுறீங்க? எண்களையெல்லாம் போடுங்க. நாலு ஸ்லைடு போதும்."

"மிச்சத்த என்ன பண்றதாம்?"

"எடுத்து வச்சிடுங்க."

"யார்கிட்ட? உங்கிட்டயா?"

அவன் முகம் சுண்டிப்போனது. அவள் அன்றே கடவுச்சொல்லை மாற்றினாள்.

தூனிஸில் அரங்கு நிரம்பியிருந்தது. வழக்கம்போல ஓட்டமாகப் பேசி முடித்தாள். தலைமை தாங்கிய மூத்த விஞ்ஞானி ஃபத்ஹிய்யா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, அந்தச் சிவப்புக் கோடு ஏறுதே, எதுலேர்ந்து எதுவரைக்கும்?"

"அது... இன்னும் வெளியிடலைங்க."

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: "அளந்திருந்தாத்தானே வெளியிடுறதுக்கு!"

அரங்கு சிரித்தது. மப்ரூக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சூஸில் திருடியவன் எண்களோடு நின்றான், அவனை நம்பினார்கள். வெயிலில் கிணறு கிணறாகக் கயிறு இறக்கி அளந்தவள் பொய்க்காரி ஆகிவிட்டாள்.

ஒளித்து வைத்திருந்த மூல வரைபடத்தைத் திறந்தாள். எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

"ஷெனினி தோப்புல ஒரு கிணறு இது. மழைக்காலத்துல குடிக்கலாம். கோடையில வாயில வைக்க முடியாது. இந்தப் பச்சைக் கோடு, பம்பு ஓடுன நேரம். அது ஏற ஏற உப்பும், அதான் அந்தச் சிவப்புக் கோடு, கூடவே ஏறுது, பாருங்க."

வரிசையாகக் கைப்பேசிகள் உயர்ந்தன. கால் தானாகத் திரைப்பக்கம் நகர, மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள்.

வெளியே வந்ததும் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவிலிருந்து வந்திருந்த லக்தர் என்பவர் வழிமறித்தார்.

"எங்க பக்கமும் இதே கதைதான். உங்க அளவுகளக் குடுத்தா சேர்ந்து எழுதலாம்."

"மொதல்ல உங்களோடத அனுப்புங்க."

அவர் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். அப்படி ஒரு மனிதர் உண்டா என்று அவருடைய நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இவள் அனுப்பினாள். அடுத்த ஆண்டு கட்டுரை தயாரானது. முதல் பெயர் அவளுடையது.

அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்க ஸஹ்பியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"போய்ட்டு வாங்கக்கா, தின்னுட மாட்டேன்."

"நீ படி," என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.