கோட்டின் மேல் விழுந்த பந்து

புதிய டென்னிஸ் பந்து டப்பாவைத் திறந்தால் ஒரு சின்னப் பெருமூச்சு கேட்கும். கூடவே ரப்பரும் கம்பளியும் கலந்த ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறும்போதெல்லாம் நான் மறுபடி பொய்க்காரி ஆகிறேன்.

ஆம், ஒப்புக்கொள்கிறேன். என் மகள் ஜெயிப்பதற்காகப் பொய் சொன்னேன். வாயால் அல்ல... முந்தானையால்.

டென்னிஸ் என்றதும் உங்களுக்குப் பச்சைப் புல்லும் கைதட்டலும் நினைவுக்கு வரும். என் வைதேகி ஆடியது அதுவல்ல. மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்தால்தான் உலகத் தரவரிசையில் பெயர் ஏறும். அந்தப் பட்டியலின் வால்நுனிக்காக ஊர் ஊராய் அலையும் பெண்களின் ஆட்டம் அது. அவளிடம் இரண்டு போட்டிகளின் புள்ளிகள் இருந்தன. கோடை முடிவதற்குள் அவையும் காலாவதியாகிவிடும்.

அங்கே தகுதிச் சுற்றில் கோட்டுக்கு நடுவர் கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுகிறவளே சொல்ல வேண்டும். சந்தேகமா? எதிராளிக்கே கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு அழகான விதி!

வெளியாள் தலையிடக் கூடாது. ஆனாலும் எங்களுக்குள் ஒரு சைகை இருந்தது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் சுவரில் அவள் பந்தடித்த வயதிலிருந்தே இருந்தது. சந்தேகம் வந்தால் என்னைப் பார்ப்பாள். நான் சும்மா இருந்தால் உள்ளே. முந்தானையை இழுத்துப் போர்த்தினால் வெளியே. தவறுதான். ஆனால் அதுவரை என் முந்தானை பொய் சொன்னதில்லை; அவள் தோற்கும்போதும் சும்மா இருந்திருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்... தில்லியில் இலவங்காய் வெடிக்கும் பருவம். ஆடுகளத்தின் மேல் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், யாரோ வானத்தில் தலையணையை உதறிவிட்டதைப் போல. கடைசித் தகுதி ஆட்டம். எதிரே ரிமி, அசாமிலிருந்து தனியாக ரயிலேறி வந்தவள். இந்தப் பந்து கிடைத்தால் ஆட்டம் வைதேகிக்கு.

ரிமி அடித்தாள். பந்தும் பஞ்சும் சேர்ந்தே இறங்கின. வைதேகியின் கண்ணுக்கு நேரே ஒரு வெள்ளைத் திரள். பந்து விழுந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கோட்டின் மேல், நட்டநடுவில், நெற்றிப்பொட்டுப் போல!

பாருங்கள்... இதைக்கூட அழகாகச் சொல்லப் பார்க்கிறேன்.

வைதேகி என்னைப் பார்த்தாள்.

காற்றடித்தது என்று சொல்லட்டுமா? கை தானாக எழுந்தது என்று? இல்லை. அவளுடைய அடிபட்ட முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அவுட்" என்றாள் என் மகள், துளித் தயக்கமும் இல்லாமல்.

ரிமி சண்டை போடவில்லை. பையை மாட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "ஆண்டி, ஆப்னே தோ தேகா தா நா?" நீங்கள் பார்த்தீர்கள் அல்லவா, என்று. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். சற்று நேரம் வாங்காமல் நின்றாள். பிறகு வாங்கிக் குடித்தாள். அவ்வளவு தாகம்.

முதன்மைச் சுற்றில் வைதேகியின் எதிராளி தசைப்பிடிப்பால் பாதியில் விலகினாள். புள்ளி கிடைத்தது. பட்டியலில், ஆயிரத்துக்கும் கீழே, என் மகளின் பெயர்! சில மாதங்களில் அது உதிர்ந்துவிட்டது. மறுபடி ஏறவேயில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள்.

ரிமியின் பெயரைப் போட்டிக்குப் போட்டி தேடினேன். எங்கும் இல்லை. வேலை கிடைத்திருக்கும், கல்யாணமாகியிருக்கும்... இப்படி எத்தனை வாழ்க்கைகளை அவளுக்கு நான் கற்பனை செய்து கொடுத்துவிட்டேன்! அவளுடையதை மட்டும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

போன வாரம் வைதேகி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் புனேவுக்குக் கிளம்பினாள். குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. டாக்ஸியில் பைகளை ஏற்றினோம். இப்போதும் பஞ்சு பறந்தது. அவள் தலையில் ஒட்டியிருந்ததை எடுத்துவிட்டேன். அலமாரித் தாளை மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

கதவில் கை வைத்தவள் நின்றாள். "பச்சாங்களுக்கு மொதல்ல கோடு சொல்லத்தான் கத்துக்கொடுக்கணும், அம்மா. அதான் கேக்கறேன். அந்த பால்... அவுட்தானே?"

அந்தக் கண்கள், அன்று போலவே, என்னைத்தான் பார்த்தன.

"அவுட்தான்டா கண்ணு. ஜல்தி ஏறு."