குறைவாக வெட்டிய கைகள்

டாக்டர் செல்லத்தாய் அக்கா காலமான செய்தியை அவருடைய மகள் நேற்றுக் காலையில் தொலைபேசியில் சொன்னாள். "தூக்கத்துலயே போயிட்டாக மாமா. கடைசியில வலி இல்ல." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிதான். புற்றுநோயில் அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

அனுமந்தன்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தேனியில் பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்தவர். அவருடைய நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. மூக்கு நுனியைச் சீராக்குவதில் அவருக்குத் தனிப் பொறுமை. முதல்முறை அவரோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்ற அன்றே சொன்னார்: "குருத்தெலும்ப வெட்டுறது லேசு தம்பி. நுனியத் தாங்குறதே அதுதான். முடிஞ்சமட்டும் தையல்லயே ஒடுக்கிக் கொண்டாரணும்."

சில வருடங்களில் கம்பத்திலிருந்து கவிதா என்ற பெண் வந்தார். நுனி கூர்மையாக வேண்டுமென்று வெளியூரில் அறுவை செய்துகொண்டவர். அங்கே அளவுக்கு மீறி வெட்டியிருந்தார்கள். மூச்சை இழுத்தாலே மூக்கின் பக்கங்கள் உள்ளே ஒட்டிக்கொண்டன; வாயால்தான் மூச்சு விட்டார்.

"நல்லா இருந்த மூக்கக் கெடுத்துட்டு வந்து நிக்கிறா," என்றார் உடன் வந்த அவருடைய தாயார்.

"ஆசைப்பட்டது தப்பில்ல ஆத்தா. அவள வையாதீக," என்றார் அக்கா.

காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து, நகக்கீற்றுப் போலச் செதுக்கி, இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, நுனியைத் தையலால் சேர்த்தார். மறுநாள் காலை நுனித்தோல் நீலம் பாய்ந்து கறுத்திருந்தது. ஏற்கெனவே ஒருமுறை திறந்த தோல். ரத்தம் ஓடாவிட்டால் அழுகிவிடும். அக்கா ஒட்டுப்பட்டைகளை உரித்தார். இறுக்கமாகத் தெரிந்த தையல்களைப் பிரித்தார். பிறகு கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

மாலையில் நுனியை விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மெல்லச் சிவந்தது.

"ரத்தம் ஓடுது தம்பி. ஒரு டீ சொல்லுப்பா," என்றார்.

சில வாரம் கழித்து வந்த தாயார் அழகைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இப்பல்லாம் வாய மூடித் தூங்குறா டாக்டரம்மா," என்றார். அன்று முழுவதும் அக்கா அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

நேற்று அனுமந்தன்பட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் சுளிப்பில்லை. யாரோ அடைத்த பஞ்சு பெரிதாக இருந்ததால் மூக்கு விரிந்து, நுனி தூக்கி நின்றது. மகளைப் பார்த்தேன்.

"சரி பண்ணுங்க மாமா," என்றாள்.

பஞ்சைப் பாதியாகப் பிய்த்துத் திரும்ப வைத்தேன். நுனி தன் இடத்துக்கு இறங்கியது.

போய் வாருங்கள், அக்கா.