ஐந்துக்கு மேல் வேண்டாம் என்றவர்

லாபிர் நானா மூன்றாவது முறையும் கிண்ணம் வென்ற அன்றுதான், இந்த மனிதர் கள்ளம் அடிக்கிறார் என்று எனக்குப் பட்டது. கிண்ணம் என்றால் கையில் பிடிக்கிற கிண்ணமில்லை, கம்பியூட்டருக்குள் வருகிற கிண்ணம். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் றிப்தி, கற்பிட்டியில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பிறவிச் சந்தேகக்காரன். கறியில் உப்புக் கூடினால்கூட யாரோ வேண்டுமென்று போட்டதாக நினைப்பேன் என்று என் மனைவி சொல்வாள். வீட்டில் சமைக்கிறது அவள் ஒருத்திதானே, பிறகு யாரைச் சந்தேகிப்பது?

அண்ணன் வயது என்பதால் நானா என்று நான் கூப்பிடுகிற லாபிரும் நானும் கொரியாவில் ஒரே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தோம். விடுதியில் ஒரே ஒரு டீவி. அதில் பேஸ்போல் தவிர வேறொன்றும் பார்க்க அந்தக் கொரியர்கள் விடமாட்டார்கள். முதல் வருடம் இது என்ன கிறுக்கு விளையாட்டு என்று ஏசினோம். இரண்டாம் வருடம் அவர்களை விட நாங்கள்தான் சத்தமாகக் கத்தினோம். ஊருக்குத் திரும்பிய பிறகு, பேஸ்போல் அணியை நடத்துகிற கம்பியூட்டர் விளையாட்டு ஒன்றை நான் கண்டுபிடித்தேன். அதில் நாங்கள் பந்து எறியவும் தேவையில்லை, அடிக்கவும் தேவையில்லை. ஆட்களைத் தெரிவு செய்து அணியை அமைத்துக் கொடுத்தால் போதும், ஆட்டத்தைக் கம்பியூட்டரே ஆடி முடிக்கும். ஆறு பேர் சேர்ந்து ஒரு லீக் தொடங்கினோம். பொறுப்பாளர் நான்.

ஆறு பேரில் ஒருவர் முஹ்ஸின் ஹாஜி. கடற்கரையில் கருவாடு காயவைக்கிற வாடி வைத்திருக்கிறவர், கொரியா பக்கம் எட்டியும் பார்க்காதவர், ஆனால் எங்களை விடப் பெரிய பைத்தியம். லாபிர் நானா அவருடைய வாடியில்தான் கருவாடு தரம் பிரிக்கிறார். காய்ந்த சீலா மீனைக் கையில் எடுத்தால் முதலாம் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்று குவியல். அவர் எறிந்த குவியலை யாரும் மாற்றமாட்டார்கள். "என்ட வாடியே லாபிர்ட கண்ணுலதான் நிக்குது" என்று ஹாஜி எல்லாரிடமும் சொல்வார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆளுடைய திறமைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதை எந்த அளவில் காட்டுவது என்பதைப் பொறுப்பாளர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை காட்டலாம், ஒன்று முதல் நூறு வரை காட்டலாம். இருபதில் தொடங்கி எண்பதில் முடிகிற ஒரு அமெரிக்க அளவும் இருக்கிறது. அதைக் காட்டியதும் ஹாஜி, "இருபதுல தொடங்குற கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சானுகள்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

லாபிர் நானா மட்டும் சிரிக்கவில்லை. "அஞ்சு போதும். அஞ்சுக்கு மேல வேணாம்" என்றார். "ஒரு மனுசன் அறுபத்து மூணா அறுபத்து நாலா எண்டு யாருக்குடா தெரியும்? பொய்க் கணக்கு." ஐந்து அளவில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம் வரும். ஐந்துக்கு நீலம், நாலுக்குப் பச்சை, அப்படியே இறங்கி ஒன்றுக்குச் சிவப்பு. பார்க்க வடிவாக இருந்தது. சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் அவர் மூன்று கிண்ணம் வென்றார். எனக்கு மண்டை குடைந்தது. ஐந்து அளவில், உள்ளே அறுபத்தொன்று உள்ளவனும் நாலு, எழுபத்தொன்பது உள்ளவனும் நாலு. எங்களுக்கு இரண்டு பேரும் ஒரே பச்சைதான். நான் ஒரு பச்சையை எடுத்தால் அவன் அரை வருடத்தில் படுத்துவிடுவான். லாபிர் நானா எடுக்கிற பச்சை மட்டும் பறக்கும். ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம். மூன்று வருடமும் எப்படி?

நான் கவனிக்கத் தொடங்கினேன். கவனிக்கக் கவனிக்க எல்லாம் பிழையாகவே பட்டது. மற்ற நாலு பேரும் என் கடைக்கு வந்து விளையாடுவார்கள், இவர் வரமாட்டார். வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் விளையாட்டு. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மனிதர் திடுக்கிட்டுத் திரையை அணைத்தார், மேசையில் கிடந்த எதையோ அதன் லாச்சிக்குள் தள்ளி மூடினார். லீக்குக்கென்று போனில் வைத்திருந்த குழுவில் ஒரு வரி எழுதமாட்டார், எல்லாம் குரல் பதிவுதான். எழுத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்ற யோசனை என்று நினைத்தேன். சந்தியில் நான் கை காட்டினாலும் காணாதவர் போலப் போவார். குற்றமுள்ள நெஞ்சு வேறு எப்படிப் போகும்?

என் முடிவு இதுதான்: பொறுப்பாளருக்கு மட்டும் தெரிகிற நூறு அளவை இவர் எப்படியோ திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறார்.

குழுவில் வாய் விட்டுக் கேட்டும்விட்டேன். "நானா, அஞ்சு அளவை நீங்க கேட்டு வாங்கினது, நாங்க கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாட, நீங்க மட்டும் திறந்து பார்க்கவா?"

பதில் குரல் பதிவாக வந்தது. "றிப்தி, என்னை மடையன் எண்டு சொல்லு, கிழவன் எண்டு சொல்லு. கள்ளன் எண்டு மட்டும் சொல்லாத. என்ட வாப்பா எனக்கு விட்டுட்டுப் போன ஒரே சொத்து அந்தப் பேருதான்."

கேட்டதும் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. கள்ளம் அடிக்கிறவர்கள் எல்லாரும் வாப்பாவைத்தானே இழுப்பார்கள்! முஹ்ஸின் ஹாஜி மட்டும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. "கேம்ல கள்ளம் அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். எனக்கு அந்த மனுசன்ட கண்ணு போதும்" என்றார். மற்றவர்கள் என் பக்கம் நின்றார்கள். கள்ளம் என்று உறுதியானால் பேரைச் சொல்லி லீக்கிலிருந்து விலக்குவது என்று முடிவானது.

நான் பொறி வைத்தேன். புதிய வருட ஆளெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அளவை நூறுக்கு மாற்றினேன். நிறங்களையும் எடுத்துவிட்டேன். முந்நூறு பெயர், வெறும் கறுப்பு எண்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தால் களவு பார்க்க என்ன இருக்கிறது? இவர் உண்மையான கெட்டிக்காரர் என்றால் இப்போதும் வெல்லட்டும், பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆளெடுப்பு. ஒவ்வொரு முறைக்கும் தொண்ணூறு வினாடி. லாபிர் நானா வீட்டிலிருந்து சேர்ந்தார். முதல் முறை முப்பத்தெட்டு உள்ள ஒருவனை எடுத்தார். குழுவே சிரித்தது. பக்கத்து வரியில் எண்பத்தெட்டு உள்ளவன் சும்மா கிடந்தான். இரண்டாம் முறை நேரம் முடிந்து கம்பியூட்டரே ஆள் போட்டது. நான்காம் முறை, பந்து எறிகிற ஆள் தேவைப்பட்ட இடத்துக்கு அடிக்கிற ஆளை எடுத்தார். நான் கதிரையிலிருந்து எழும்பிக் கை தட்டினேன். பிடிபட்டார்! களவாகப் பார்க்க வழியில்லை என்றதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது!

அந்தச் சந்தோசத்தோடு, நேரில் ஒப்புக்கொள்ள வைக்க மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சுல்பா மதினி வாசலிலேயே நின்றார். முகம் அழுத முகம்.

"சந்தோசமா தம்பி?" என்றார். "போய்ப் பாருங்க. நல்லாப் பாருங்க."

லாபிர் நானா மேசைக்கு முன்னால் இருந்தார். திரையை அணைக்கவில்லை. கையில் பெரிய பூதக்கண்ணாடி. மூக்கு திரையில் முட்டுகிறது. ஒரே ஒரு வரியை ஓரக்கண்ணால் வாசிக்க, முகத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பினார். அன்றைக்கு லாச்சிக்குள் தள்ளியது அந்தக் கண்ணாடிதான்.

"யாரு, றிப்தியா?" என்றார். நான் அவருக்கு நாலடி தூரத்தில் நின்றேன்.

அவரே சொன்னார். "சீனி வருத்தம், ரத்தத்துல சீனி கூடிக் கண்ணைத் திண்டுட்டுது. ரெண்டு கண்ணுலயும் நடுவுல பனிப்புகார் மூடின மாதிரி. புத்தளத்துல லேசர் அடிச்சாங்க. போனது போனதுதானாம். நிறம் தெரியும். நீலமும் பச்சையும் எவ்வளவு பேரு எண்டு பார்ப்பன், முப்பது பேரு வரும். அந்த முப்பது பேரும் போன வருசம் என்ன செஞ்சாங்க எண்டு இந்தக் கண்ணாடியை வெச்சி வாசிப்பன். ஒரு ஆளுக்கு அரை மணித்தியாலம் போகும். நீங்க பச்சையைப் பார்த்தே எடுக்குறீங்க, நான் வாசிச்சிட்டு எடுக்குறன். அவ்வளவுதான்டா கள்ளம்."

முந்நூறு பேரை ஒரு வாரத்தில் அவர் எப்படி வாசித்திருப்பார்? யா அல்லாஹ், நான் செய்த வேலையைப் பாருங்கள். அந்த இடத்திலேயே செருப்பால் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப வாடியில, நானா?"

"கருவாட்டுக்கு மூக்கும் பெருவிரலும் போதும். மூணு வருசத்துக்கு மேலா அப்படித்தான் பிரிக்கிறன். கொழும்புல இருந்து ஒரு மூட்டை திரும்பி வந்ததா கேள்விப்பட்டியா? ஆனா ஹாஜிக்கு அது விளங்காது. அவர் என்ட கண்ணைத்தானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்."

"நான் இப்பவே குழுவுல உண்மையைச் சொல்லுறன். நானா கள்ளன் இல்ல எண்டு சொல்லுறன்."

அவர் கையை நீட்டி என்னைத் தேடினார். முதலில் காற்றைப் பிடித்தார், பிறகு என் சட்டைக் கையைப் பிடித்தார். "பொறு. கள்ளன் இல்ல எண்டா, பிறகு ஏன் முப்பத்தெட்டை எடுத்தன் எண்டு கேப்பாங்க. என்ன சொல்லுவாய்?"

சுல்பா மதினி கதவருகில் வந்து நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"கள்ளன் எண்டா கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க" என்றார் லாபிர் நானா. "குருடன் எண்டா நாளைக்கே வாடிக்கு வேற ஆள் வரும். கள்ளன் எண்டே இருக்கட்டும்."

அதே நேரம் என் போன் அடித்தது. முஹ்ஸின் ஹாஜி. லாபிர் நானா என் சட்டைக் கையை விடவில்லை.

"என்ன றிப்தி, புடிச்சீங்களா உங்கட கள்ளனை?"

"ஓம் ஹாஜி" என்றேன். "ஒத்துக்கொண்டுட்டார். களவாத்தான் பார்த்தவர்."

ஹாஜி வயிறு குலுங்கச் சிரிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "அந்தக் கண்ணு சும்மா இருக்குமா! விடுங்க, விடுங்க. நாளைக்கு நேரத்தோட வாடிக்கு வரச் சொல்லுங்க. சீலா நிறையக் காஞ்சி கிடக்கு."

லாபிர் நானா அப்போதுதான் என் கையை விட்டார். மேசையைத் தடவிப் பூதக்கண்ணாடியை எடுத்து மதினியிடம் கொடுத்தார். இனி அது தேவையில்லை என்றார்.

மற்றவர்கள் கேட்டபடி அவர் பெயரை லீக்கிலிருந்து நான்தான் அழித்தேன். இப்போது நூறு அளவில்தான் விளையாடுகிறோம். எப்போதாவது கடையில் யாராவது, "அந்தக் கள்ள லாபிர் இருந்தாரே" என்று கதையைத் தொடங்குவார்கள். எல்லாருக்கும் முந்தி "ஓம், பெரிய கள்ளன்" என்று சொல்கிறவன் நான்.