யூ-டர்ன் வரைக்கும்

என் வீட்டுக்காரருக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் கிடையாது. எனக்கு லைசென்ஸ் உண்டு, ஓட்டத் தெரியாது என்பது அவர் கட்சி. லைசென்ஸ் இல்லாதவன் வண்டி உள்ளே வரக்கூடாது என்று அவருடைய கம்பெனி கேட்டில் சொன்ன நாளிலிருந்து என் ஸ்கூட்டரின் பின்சீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வயிற்றெரிச்சலை என்னிடம்தான் கொட்டினார். பிரேக் பிடித்தால் சிரிப்பு, இண்டிகேட்டர் போட்டால் நக்கல். ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்தால், நிலாவுக்கா போகிறாய் என்பார்.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெரு நெடுஞ்சாலையில் முட்டும் இடத்தில் நின்றால் வலப்பக்கம் அவர் கம்பெனியின் போர்டு தெரியும். ஆனால் கம்பெனி இருக்கிற எங்கள் பக்கச் சாரியில் வண்டிகள் இடப்பக்கம் பார்த்துத்தான் ஓடும். முறையாகப் போனால் இடப்பக்கம் திரும்பி, யூ-டர்ன் எடுத்து, எதிர்ச்சாரியில் கம்பெனியைத் தாண்டிப் போய், மறுபடி ஒரு யூ-டர்ன் எடுத்து வரவேண்டும். ஷிப்டுக்குப் போகிற கூட்டம் முழுக்க ஓரமாக ராங் ரூட்டில்தான் போகும். எதிரே கன்டெய்னர் லாரி வந்தால் ஒதுங்கிக்கொள்வார்கள்.

நான் போகமாட்டேன். நான் வேலை பார்க்கும் செல்போன் கம்பெனியில், நான் செக் செய்து அனுப்பிய போனில் குறை இருந்தால் எங்கள் லைனில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவளும் அப்படித்தான் அனுப்பினாள் என்றால் சூப்பர்வைசர் விடுவாரா? ஹேண்டிலைப் பிடித்தவள் நான். எல்லாரும் போனார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் அவருக்கு நேரமாகிவிட்டது. தெருமுனையில் என் தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினார். வண்டி ஆடியது.

"அல்லாரும் இப்டித்தான் போறான். உனுக்கு மட்டும் இன்னா, தனி ரோடா?"

நான் வண்டியை நிறுத்தினேன். "பிடிக்கலன்னா இறங்கிக்கிடுங்க."

இறங்கினார். ராங் ரூட்டில் போன ஒரு பைக்கைக் கைகாட்டி நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஏறிக்கொண்டார். நான் இரண்டாவது யூ-டர்னும் முடித்து வருவதற்குள் கம்பெனிக்கு முன்னால் கூட்டம். லாரிக்கு ஒதுங்கப் போய் பைக் சரிந்து, லாரிச் சக்கரம் அவர் வலதுகாலில் ஏறியிருந்தது. பைக் ஓட்டியவனுக்குச் சிராய்ப்போடு சரி. நான் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓடினேன். ஸ்டாண்ட் போட்டதையும் யாரோ மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பைக் ஓட்டியவனை மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரிக்காரனையும் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீ எறக்கி வுட்டதாலதான் என் புள்ள காலு போச்சு."

யாரும் மறுக்கவில்லை. மறுக்கவேண்டியவர் ஸ்ட்ரெச்சரில் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். அவர் மேல் எனக்கிருந்த இரக்கமெல்லாம் அங்கேயே வற்றிவிட்டது.

காலை எடுக்கவில்லை. முட்டி பாதிதான் மடங்கும். பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். அந்த இடமும் கம்பெனியைத் தாண்டி, அதே சாரியில்தான் இருக்கிறது. சுற்றிப் போகிற வழியில் ஒவ்வொரு குழிக்கும் அவருக்கு மூச்சு வாங்கும்.

போன வாரம் தெருமுனைக்கு வந்ததும் அவர் கை மறுபடி என் தோளில் விழுந்தது. வலி தாங்கவில்லை, இன்று ஒருநாள் மட்டும் ஓரமாகவே போய்விடலாம் என்றார்.

முன்பு நிறுத்திய அதே இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"பிடிக்கலன்னா இறங்கிக்கிடுங்க."

நான் பிடித்து இறக்கினால்தான் அவரால் இறங்கமுடியும். கொஞ்சநேரம் காத்திருந்தேன். அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார். இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். யூ-டர்ன் வரைக்கும் முனகிக்கொண்டே வந்தார். நான் வேகத்தைக் கூட்டவில்லை.