கழுத்தைக் காட்டப் போன இடத்தில்

இந்த ஜெர்மன் ஊரில் ஆறு மாதம் யாருடைய கழுத்தையும் யாரும் பார்க்க முடியாது. அக்டோபரில் சுற்றும் ஷாலை ஏப்ரலில்தான் அவிழ்க்கிறோம். பதினாறு வருடமாக எனக்கு அது குளிருக்கான துணி மட்டுமே. போன குளிர்காலத்தில் ஒரு நாள் சவரம் செய்யும்போது, தொண்டையின் வலப்பக்கம் சிறு நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி விரலில் தட்டியது. எச்சிலை விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது. எங்கள் ஊர் நாரணாபுரத்தில் இருந்திருந்தால் டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலு பேர், "என்னண்ணே, களுத்துல என்னமோ பொடச்சிருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் நானும் மகன் கவினும்தான். அவன் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு ஏதாவது ஆனால் அவனுக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை.

கட்டிக்குக் காரணம் எனக்குத் தெரியும் என்றே நம்பினேன். வேதியியல் படித்து முடித்த கையோடு மூன்று வருடம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன் நான். வெடிமருந்து கலக்கும் அறையிலிருந்து வெளியே வந்து துப்பினால், தொண்டையில் படிந்த அலுமினியத் தூசியால் எச்சில் வெள்ளி நிறத்தில் இருக்கும். அங்கே வேலை பார்த்த மாரியப்பண்ணன் கருப்பட்டித் துண்டை நீட்டுவார். "போர்மேன் சார், கெமிஸ்ட்ரிய பேப்பரோட வச்சுக்கோங்க. இதக் கடிங்க, தொண்டையில நிக்கிறத அடிச்சுக்கிட்டு எறங்கிரும்." சிரித்துக்கொண்டே கடிப்பேன். இருபத்தைந்து வருடம் கழித்து, கழுத்தில் கட்டியோடு, அதே வைத்தியத்துக்குத்தான் ஓடினேன். சாத்தூரிலிருந்து என் மதினி, அண்ணன் மனைவி, அனுப்பும் கருப்பட்டியில் காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு, பயம் கூடிய நாளில் இன்னொன்று. அன்று தூசியை இறக்கியது இன்று கட்டியைக் கரைக்காதா என்று ஒரு ஆசை.

மார்ச் மாதம் சாப்பிடும்போது கவின் கண்டுபிடித்தான். "நீங்க முழுங்கும்போது அங்க ஏதோ அசையுதுப்பா."

"வயசானா எல்லாருக்கும் அசையும்லே."

"அம்மாவும் இப்படித்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க."

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னை டாக்டரிடம் அழைத்துப் போனான். அந்த டாக்டரம்மா என் கழுத்தில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார். தைராய்டில் ஒன்றல்ல, இரண்டு கட்டிகள். பிறகு என்னை எழுந்து நிற்கச் சொல்லி, இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார். கழுத்தைக் காட்டப் போனவனுக்கு இடுப்பு எதற்கு? பட்டாசுத் தூசியைப் பற்றி என் ஜெர்மனில் விளக்கினேன். வருடப்பிறப்பு வாணவேடிக்கையைச் சொல்கிறேன் என்று நினைத்து, தனக்கும் பிடிக்கும் என்றார். கவின் எடுத்துச் சொன்ன பிறகுதான் சிரிப்பை நிறுத்திக் குறித்துக்கொண்டார். இனிப்பு சாப்பிடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, என் மனதில் கருப்பட்டி இனிப்பில் சேராது. கவின் என்னைத் திரும்பிப் பார்த்தான். "டப்பா டப்பாவா உள்ள போகுதே, அது என்னதுப்பா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, ஜெர்மனில் போட்டுக்கொடுத்தான்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருந்தன. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: தூசிதான் காரணம் என்றோ, இடுப்புதான் காரணம் என்றோ தன்னால் சொல்ல முடியாது. ஆனால் வயிறு பெருத்து, சர்க்கரையும் கொழுப்பும் கூடிய ஆண்களிடம் இந்தக் கட்டிகள் அதிகம் தென்படுகின்றன. ஏன் என்பது இன்னும் தெளிவாகவில்லை. தைராய்டு என்றால் பெண்களுக்கு வருவது என்று நினைத்து ஆண்கள் கழுத்தைத் தடவிக்கூடப் பார்ப்பதில்லை. பெரும்பாலான கட்டிகள் தீங்கில்லாதவை, பெரியதிலிருந்து மட்டும் ஊசியால் துளி எடுத்துச் சோதிக்கலாம் என்றார்.

எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. தூசி என்று நினைத்தவரை அது என் ஒருவனோடு முடியும். கவின் அந்த வெடிமருந்து அறைக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் நாற்காலியும் கணினியும், நடக்காமல் கழியும் குளிர்காலமும், இரவில் குவித்துப் போடும் சோறும் எங்கள் இருவருக்கும் பொது. பதினேழு வயதில் அவன் அன்று என் பெல்ட்டைத்தான் போட்டிருந்தான், நான் மாட்டும் அதே ஓட்டையில். டாக்டர் பேசப் பேச நான் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய அன்றுதான் மதினிக்குப் போன் செய்து சொன்னேன். முடிவு வரப் பதினோரு நாள் ஆயின. அந்த நாட்களில் கவின் தூங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டு, வீட்டுப் பத்திரங்களை ஒரே பையில் எடுத்து வைத்தேன். கடைசியில், புற்று இல்லை, அடுத்த வருடம் மறுபடி ஸ்கேன் என்றார்கள். மதினி போனிலேயே அழுதுவிட்டார்.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்திருந்தேன் தம்பி. நேத்து காணிக்கைத் தகடு வாங்கப் போனா, கண்ணு இருக்கு, கையி இருக்கு, காலு இருக்கு. களுத்து மட்டும் தனியா இல்லங்காக. என்ன செய்ய, முழு ஆளா வாங்கிப் போட்டுட்டு வந்துட்டேன். கருப்பட்டி எம்புட்டு அனுப்பட்டும்?"

"இனி வேண்டாம் மதினி."

"ஏன், அங்கனயே கிடைக்குதாக்கும்?"

மறுபடி அக்டோபர் வந்துவிட்டது. மாலையில் ஆற்றங்கரையில் நானும் கவினும் வேகமாக நடக்கிறோம். அவன் முன்னால் போகிறான். இருக்கன்குடியில் அம்மன் காலடியில் எனக்காக ஒரு தகட்டு மனிதன் குறையில்லாமல் கிடக்கிறான். இங்கே நான் என் மகன் கழுத்தைச் சுற்றிய ஷாலைப் பார்த்தபடி, அது அவிழும் ஏப்ரலை எண்ணிக்கொண்டு நடக்கிறேன்.