செலவில்லாத வாசல்

வாசல் வேலை என்பது, வீடு கட்டி முடித்தவரிடம் பணம் தீர்ந்து கோபம் மட்டும் மிச்சம் இருக்கும்போது தொடங்குகிற வேலை.

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூரிலும் அரியலூரிலும் உத்தியோகக்காரர்கள் ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டினார்கள். வீடு முடிந்துவிடும். முன்னால் கரிசல் மண் அப்படியே கிடக்கும். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் வெடிக்கும், கோழிக்குஞ்சு விழுந்தால் ஏறி வராது. அப்போது என்னைத் தேடுவார்கள். ஒரு சைக்கிள், ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, நான். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். செலவில்லாமல் ஏதாவது பண்ண வேண்டும். நீங்களும் அப்படி வீடு கட்டி, சொந்த வாசலில் வழுக்கி விழுந்தவர் என்றால் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

என் கதையும் கொஞ்சம் இதில் வரும். குரும்பலூர் போகிற வழியில் எங்கள் தெருக்காரர்களுக்குச் சர்க்கார் மனை கொடுத்திருந்தது. எனக்கும் ஒன்று. கையில் கொடுத்த காகிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு வருஷத்துக்குள் அங்கே குடியேற வேண்டும். இல்லையென்றால் மனையைத் திரும்ப எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கூலி சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. சுவர் எழுப்புவது நினைத்துப் பார்க்கிற காரியம் இல்லை. எங்களுக்குப் பின்னால் மனு கொடுத்துக் காத்திருந்தவர்கள் உண்டு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் வீடு இல்லை.

விறகு நட்டவர்

பெரம்பலூரில் பேங்க் கிளார்க் ஒருவர். வேலி வேண்டும், செலவு கூடாது. கிளுவைப் போத்து நடலாம் என்றேன். கைப்பிடி கனத்தில் கிளுவைக் கொம்பை வெட்டி, ஆடியில் மழை விழுந்ததும் நட்டால் போதும். அதுவே வேர்விட்டு வேலியாகும். முள் இருப்பதால் மாடு நுழையாது. ஒரு வண்டி கொம்பு வெட்டிவந்து இறக்கினேன். நான் நாலு கொம்பு நடுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவுதானே, மிச்சத்தை நானே நட்டுக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார். ஒரு நாள் கூலி அவருக்கு மிச்சம். அவருக்குத் தேவைப்படாத ஒரு கட்டுக் கொம்பை எடுத்துப்போய் எங்கள் மனையைச் சுற்றி நட்டேன்.

நான் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று. எது அடி, எது நுனி என்பது கொம்புக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தடித்த பக்கம் மேலே இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று அத்தனையையும் தலைகீழாக நட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து அந்த வழியே போனேன். என் நாலு கொம்பும் இலை விட்டிருந்தன. அவருடையவை விறைப்பாகக் காய்ந்து நின்றன. அவர் ஆபீஸ் போயிருந்தார். வீட்டம்மா வாசலுக்கு வந்தார்.

"ஊர்ல எல்லாரும் வேலி நடுவாங்க, எங்க வூட்டுக்காரரு விறகு நட்டிருக்காரு. அருவா கொண்டாந்திருந்தா அறுத்துக் குடுத்துட்டுப் போங்க, அடுப்புக்காவது ஆவட்டும்."

முட்டை மார்க்கு

இது என் தப்பு. அரியலூரில் ஒரு டீச்சரம்மா. தனி ஆள். சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டு திருத்த ஒரு சுத்தமான தரை வேண்டும் என்றார். சிமெண்டு போட வசதி இல்லை. அரியலூரில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமா? குவாரி ஓரம் உடைந்த பலகைக் கல் கிடந்தது. கேட்டு எடுத்துவந்து, மண்ணைச் சமன் பண்ணிப் பதித்தேன். பங்குனி மாதம். வெள்ளையாக, பார்க்க நன்றாக இருந்தது. டீச்சரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தும் பார்த்துவிட்டார்.

ஐப்பசியில் ஆள் அனுப்பினார். போனேன். கரிசல் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. ஒரு கல் மேலே, ஒரு கல் கீழே. ஒன்று நிமிர்ந்தே நின்றது. நாற்காலி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கல் மட்டம் சரியில்லை, வேறு கல் பார்க்கிறேன் என்று ஏதோ உளறினேன். வழி வேறு. கரிசலை ஒரு முழம் தோண்டி எடுத்துவிட்டு, செம்மண் சரளை கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து, அதன்மேல் மணல், அப்புறம்தான் கல். சரளை எங்கள் பக்கத்து மேடுகளில் சும்மா கிடைக்கும். தோண்டுகிற சோம்பலில் விட்டுவிட்டேன். கூலி வாங்காமல் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். அது வேறு. அன்று அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை.

"கல்லு மேல பழி போடாதீங்க. அடியில என்ன இருக்குன்னு பாக்காம எழுதுன விடை இது. எங்க பள்ளிக்கூடத்துல இதுக்கு முட்டை மார்க்கு."

மூட்டை

டீச்சரம்மா வீட்டில் மிஞ்சிய உடைசல் கல்லை எங்கள் மனைக்குக் கொண்டுவர வேண்டும். வண்டி பிடிக்க முடியாது. ஒவ்வொரு முறை அரியலூர் போய்த் திரும்பும்போதும் சாக்கில் தூக்குகிற அளவு போட்டு பஸ்ஸில் ஏற்றினேன். எட்டுப் பத்து முறை இருக்கும். எப்போதும் ஒரே கண்டக்டர்தான். முதல் தடவை லக்கேஜ் டிக்கெட் போட்டார். இரண்டாவது தடவை முறைத்தார். மூன்றாவது தடவை காலால் சாக்கைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் பின் சீட்டுக்கு அடியில் அவரே தள்ளிவிட ஆரம்பித்தார். ஒருநாள் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னார்.

"உலகமே அரியலூர்ல இருந்து சிமெண்டு கொண்டு போவுது, நீ கல்லாவே கொண்டு போற. அதுவும் சரிதான், சுட்டு அரைக்கிற வேலை மிச்சம்."

பாய் வீட்டுச் சாமி

பெரம்பலூரில் பழைய ஓடு, பழைய மரம் விற்கிற பாய் ஒருவர். நல்ல மனிதர். வாசலில் நாலு பாத்தி போட்டு, டேபிள் ரோஸும் கனகாம்பரமும் வைத்துக் கொடுத்தேன். பாத்திக்குக் கரை கட்ட உடைந்த ஓட்டை அவரே கொடுத்தார். மூலைக்கு மட்டும் நாலு பெரிய கல் தேவைப்பட்டது. எங்கள் சீமையில் ஓடைகளில் நத்தை மாதிரி சுருண்ட கல் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அதில் இருந்த உயிர்கள் கல்லாகிப் போயின என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது சக்கரம் மாதிரி அழகாக இருந்தது. தூக்கிவந்து மூலைக்கு ஒன்று வைத்தேன். காசில்லாத அலங்காரம் என்று எனக்கே பெருமை.

அடுத்த வெள்ளிக்கிழமை தெரு ஓரத்து மூலைக்கல்லில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பூ. பக்கத்து வீட்டம்மாவுக்கு அது பெருமாள் சக்கரமாகத் தெரிந்திருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று கையை நீட்டி வைத்துவிட்டுப் போகிறார். பாய் தொழுகைக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான். அந்தக் கல்லை அவர் தொடவில்லை, தொடவும் விடவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் அந்த அம்மாவிடம் பேசினேன். அவரே குடத்துத் தண்ணீர் ஊற்றி, வணங்கி, கல்லைத் தன் வீட்டுத் துளசி மாடத்துக்கு எடுத்துப்போனார். அந்த மூலைக்கு ஒரு சாதாரணக் கல்லை வைத்தேன், அவலட்சணமான கல்லாகப் பார்த்து. அதற்கு முன் பாய் என்னிடம் சொன்னது இது.

"நான் பூச்செடி கேட்டேன், நீங்க சாமியைக் கொண்டாந்து வெச்சுட்டீங்க. நானா எடுத்தா அந்தம்மா மனசு நோவும், வெச்சிருந்தா ஜமாஅத்துல கேப்பாங்க. அல்லா மேல ஆணையா எனக்கு ரெண்டு பக்கமும் பேசத் தெரியாது, நீங்க போயி கேட்டு எடுங்க பாய்."

என்னையும் பாய் ஆக்கிவிட்டார். அவ்வளவு கலக்கம்.

திருடச் சொன்னவர்

செடி வாங்க என்னிடம் காசு கேட்காதீர்கள் என்பேன். ஒடித்து வைத்தால் வருகிற செடி ஆயிரம் இருக்கிறது. செம்பருத்தி, குரோட்டன்ஸ், மருதாணி, நந்தியாவட்டை. நாலு வீடு தள்ளிப் பார்த்தால் கிடைக்கும். கேட்பதற்குத்தான் எல்லாருக்கும் கூச்சம்.

எனக்கும் கூச்சம் வந்தது ஒருநாள். கிளார்க் வீட்டில் அடுக்கு நந்தியாவட்டை பூத்திருந்தது. எங்கள் மனைக்கு ஒரு கொம்பு வேண்டும். ஊரார் வீட்டுக்குக் கேட்டால் வாய் வரும், தனக்கென்றால் வராது. மூன்று தரம் அந்தச் செடியைச் சுற்றி வந்தேன். அதே வீட்டம்மாதான், விறகு அம்மா. பார்த்துவிட்டார். ஒரு கொம்பு தருவீர்களா என்று கேட்டேன். தரமாட்டேன் என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலேயே குரல் வந்தது.

"கேட்டு வாங்குனா புடிக்காதுங்க, திருடி வெச்சாத்தான் தழைக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீங்க ஒடிச்சுக்கிட்டுப் போங்க."

வெட்கம்

இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருந்தது. மனையில் வேலி தழைத்திருந்தது. நடுவில் பத்துக்குப் பத்து கல் தரை, இந்தத் தடவை சரளை போட்டு. அதன் மூலைகளில் நாலு மூங்கில் நட்டு, சோளத்தட்டை பரப்பிப் பந்தல் போட்டு, பீர்க்கங்கொடி ஏற்றியிருந்தேன். கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால். எல்லாம் இருந்தது. வீடு இல்லை. நாங்கள் என் அண்ணன் வீட்டு ஒண்டுக்குடித்தனத்தில்தான் இருந்தோம்.

தலையாரி வந்து, அடுத்த வாரம் ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. ஒவ்வொரு மனையாகப் பார்க்க வருகிறார், குடியில்லாத மனையை எழுதிக்கொண்டு போவார் என்றார். காத்திருந்தவர்களில் ஒருவர் ஏற்கெனவே வந்து எங்கள் மனையைக் காலடி வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். என் வீட்டுக்காரி தைலம்மை அடுப்பு, குடம், பாய், இரண்டு பாத்திரம் எடுத்துக் கட்டினாள். எங்கே என்றேன். பந்தலுக்கு என்றாள். சுவர் இல்லாத இடத்தில் குடித்தனமா, பார்க்கிறவன் சிரிப்பான் என்று கத்தினேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள்.

"ஊரான் வூட்டு வாசலையெல்லாம் அழகு பண்ணி வெச்சுட்டு வந்தப்ப வெக்கம் வரல. சொந்த வாசல்ல உக்காரத்தான் ஒனக்கு வெக்கமா இருக்குதா?"

ஆர்.ஐ. எழுதியது

நல்ல வெயிலில் வந்தார். கையில் நோட்டு, பின்னால் தலையாரி. எங்கள் தெருவுக்கு வருகிற அதிகாரிகள் நின்றபடியே எழுதிவிட்டுப் போவார்கள். உட்கார மாட்டார்கள், எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இவரும் முதல் நாலு மனையை அப்படித்தான் எழுதினார். இரண்டு பேருக்கு 'காலி மனை' என்று எழுதியதைத் தலையாரி எனக்கு விரலால் காட்டினார்.

எங்கள் வேலிக்கு வந்து நின்றார். வீடு எங்கேய்யா என்றார். இதுதான் என்றேன். சுவர் எங்கே என்றார். வரும் என்றேன். எப்போது என்றார். பேனாவைத் திறந்தார். தைலம்மை பந்தலுக்கு அடியில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்துகூட நிற்காமல், வெயில்ல நின்னு எழுதினா கண்ணு கூசும், இங்க உக்காந்து எழுதுங்க என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சுற்றும் பார்த்தார். அந்தப் பக்கம் வேறு நிழல் இல்லை. உள்ளே வந்து, கல் தரையில் கையை வைத்துச் சூடு பார்த்தார். குளிர்ந்திருந்தது. உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே பீர்க்கங்காய் தொங்கியது. அப்புறம் தண்ணீர் கேட்டார்.

தைலம்மை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். செம்பில் மொண்டு கொடுத்தாள். அண்ணாந்து முழுவதும் குடித்தார். செம்பைக் கல்லில் வைத்தார். நோட்டில் எங்கள் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதி, தலையாரியிடம் கையெழுத்து வாங்கினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், அவராகவே சொன்னார்.

"வந்து உக்காந்து தண்ணியும் குடிச்சுட்டேன். இதைப் போயி காலி மனைன்னு எப்படிங்க எழுதறது?"

அதற்கப்புறம் எங்களுக்குச் சுவர் வர நாலு வருஷம், கதவு வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை வந்தவர்கள் யாரும் தட்டவேண்டியிருக்கவில்லை.